தலைவனுக்கு வந்த வெட்கம்

ஓடைக்கரை நாவல் தோப்பை ஒட்டிய புல்வெளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அதன் தலைவன் கிளைக்கொம்பன். தங்கமான மான்தான். ஆனால் பதவி வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு புது வியாதி. யாரிடமும் எதையும் கேட்க வெட்கம்!

முன்பெல்லாம் அப்படியா இருந்தான்? நாவல் மரத்தில் குடியிருந்த உச்சாணி என்ற மந்தியை நச்சரித்தே எடுத்துவிடுவான். ஆபத்து வந்தால் மரத்து மேலிருந்து முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான். "இந்தக் குரலுக்கு என்ன அர்த்தம், அக்கா?" என்று கேட்டுக் கேட்டுத்தான், புல்லில் புலி பதுங்கினால் தோப்புக்குள் ஓட வேண்டும் என்று கற்றுக்கொண்டான்.

ஒரு நாள் காலை உச்சாணியே அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, காட்டுக்குப் புதுசா ஒரு சிறுத்தை வந்திருக்கு. அதுக்கு நான் வேற குரல் கொடுப்பேன். கொஞ்சம் வந்து கேட்டுட்டுப் போ!"

"வேலை தலைக்கு மேல கிடக்கு, அக்கா! எனக்குத் தெரியாததா?" என்று நழுவினான் கிளைக்கொம்பன்.

அவன் மனைவி பூவாயி விடவில்லை. "போய்க் கேட்டா என்னவாம்?"

"மரத்தடியில போய் நின்னா கூட்டம் என்ன நினைக்கும்? என் மதிப்பு என்ன ஆகும்?"

"அடேயப்பா! உங்க கொம்பே வருஷா வருஷம் உதிருது. அப்போ போகாத மதிப்பு, ஒரு வார்த்தை கேட்டாலா போயிடும்?"

கிளைக்கொம்பன் காதில் விழாத மாதிரி புல்லை மென்றுகொண்டே அந்தப் பக்கம் போய்விட்டான்.

அன்று மாலையே உச்சாணி குரல் கொடுத்தாள். "தோப்புக்கு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு கிளைக்கொம்பன் பாய்ந்தான். கூட்டம் பின்னால் ஓடியது. பிறந்து சில நாளே ஆன அவன் மகளும் தத்தித் தத்தி ஓடிவந்தாள்.

பாதி வழியில் அவனுக்குத் திக்கென்றது. இது பழைய குரல் இல்லையே! சட்டென்று நின்றான். கூட்டமும் நின்று அவன் முகத்தையே பார்த்தது. தெரிந்த மாதிரியே ஓடிவிடலாமா? அப்போது குட்டி மகள் வந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது!

"அக்கா! எனக்குத் தெரியலை! எந்தப் பக்கம் போகணும்?"

"தோப்புக்குள்ள வராதே! சிறுத்தை கிளை மேலயே படுத்திருக்கு! வெட்டவெளிக்குத் திரும்பு!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பறந்தது. சிறுத்தை குதித்து இறங்கிக் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தது. பிறகு மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கிளைக்கொம்பன் நாவல் மரத்தடியில் நின்றான். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்திருந்தது.

"என்ன தலைவரே, வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்றாள் உச்சாணி.

"கேலி பண்ணாதீங்க, அக்கா. நீங்க சொல்லிக்கொடுங்க. மத்த வேலையெல்லாம் அப்புறம்தான்!"

உச்சாணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "நான் மட்டும் என்ன, பிறக்கும்போதே படிச்சுட்டா வந்தேன்? சிறுத்தை மரம் ஏறும்னு கழுகுகிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்!" என்று சொல்லி, பழுத்த நாவல் பழங்களை உலுக்கிவிட்டாள்.

பூவாயி கணவனின் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாப் பார்த்துட்டேன். கொம்பு பத்திரமாத்தான் இருக்கு!"

கூட்டமே சிரித்தது. கிளைக்கொம்பன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

தலைமை வந்த பிறகும் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பவனே, தன்னை நம்பிப் பின்னால் வருகிறவர்களைக் காப்பாற்றுவான்.