விரல் கொடுத்த வாக்கு

மார்த்தாண்டத்தில் கட்டட வரைபடம் போட்டுவந்த சுகிர்தாவுக்கு முப்பத்தாறு வயதில் நரம்பு நோய் வந்தது. கை போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. மிஞ்சியவை கண்கள்.

கணினியில் அவள் ஆடியது ஒரு கதை கேம். வெள்ளத்தில் சிக்கிய தாயாக ஆடி, மகளைக் கரைசேர்க்க வேண்டும். திருப்பந்தோறும் திரையில் இரண்டு வழிகள் வரும். தேர்ந்தால் தேர்ந்ததுதான், பின்னால் போக முடியாது. தோற்றால் கதை முழுவதும் அழிந்துவிடும். முதல் வழிக்கு ஒருமுறை இமைப்பாள், இரண்டாவதற்கு இருமுறை. கணவன் ஜெபின் பொத்தானை அழுத்துவான்.

"நான் உன் விரல் மட்டுந்தான். முடிவு உன்னுது" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தான். எட்டு மாதம் அதைக் காப்பாற்றினான்.

அப்போது அவளுக்கு மூச்சு திணறத் தொடங்கியது. தொண்டையில் துளையிட்டுக் கருவி பொருத்தச் சம்மதமா என்று மருத்துவர் கேட்டார். ஜெபின் மூன்று நாள் அழுது, சரியென்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினான். அவள் இமைக்கவில்லை.

நான்காம் நாள் கதையின் கடைசிக் கட்டம் வந்தது. உடைந்த பாலத்தில் தாய் தொங்குகிறாள். மேலே மகள் அவள் கையைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருக்கிறாள். ஒன்று, பிடித்துக்கொள். இரண்டு, கையை விட்டுவிடு.

சுகிர்தா இருமுறை இமைத்தாள். அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் இருமுறை. அவனால் முடியவில்லை. முதல் வழியை அழுத்தினான். தாயும் மகளும் வெள்ளத்தில் போனார்கள். திரை இருண்டது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவளிடம் இருந்த ஒரே மொழியும் நின்றது. "விட்டுவிடுன்னா நான் எப்படி அழுத்துவேன்?" என்று அவன் கட்டில்காலைப் பற்றிக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் அவள் தங்கை ஷைலா வந்தாள். போன வாரமே யாருக்கும் சொல்லாமல் கேமை நகலெடுத்து வைத்திருந்தாள். "அத்தான், திரும்ப ஏத்திரலாம். தோத்ததே இல்லேன்னு ஆயிரும்" என்றாள். சம்மதம் என்றால் ஒருமுறை, இல்லையென்றால் இருமுறை இமைக்கும்படி அக்காவிடம் சொன்னாள். சுகிர்தா கண் திறந்து இருமுறை இமைத்தாள்.

வாக்கை மீறிய ஜெபின், தோல்வியை அழிக்க வந்த ஷைலா, தோல்வியை ஏற்றுக்கொண்ட சுகிர்தா. இதில் யார் செய்தது சரி?

விடை: சுகிர்தா. ஷைலாவால் கதையைத்தான் மீட்க முடியும். பறிபோன தீர்மானத்தை யாரும் நகலெடுத்து வைக்கவில்லை. ஜெபினோ, விளையாட்டு கேட்காத, மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பயந்து பதில் சொன்னான். அன்று மாலை அவன் அழாமல், கெஞ்சாமல், மருத்துவரின் கேள்வியை அவளிடம் கேட்டான். கருவி வேண்டுமென்றால் ஒருமுறை, வேண்டாமென்றால் இருமுறை. அவள் ஒருமுறை இமைத்தாள். இரண்டாவது இமைப்புக்காக அவன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். அது வரவில்லை.