சிங்கம் கடித்த கட்டைவிரல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்பதை மறந்துவிட்டேன். அவரைக் கடித்தது சிங்கமா யாளியா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கதையைக் கேட்டு வெகுநாளாகிறது. சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா தெரியவில்லை. சிங்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

உயிருள்ள சிங்கம் இல்லை. சிம்மாசனத்தின் கைப்பிடியில் இருந்த வெண்கலச் சிங்கம். யோசனை வரும்போதெல்லாம் அதன் வாய்க்குள் கட்டைவிரலை விட்டுச் சுழற்றுவது ராஜாவின் பழக்கம். ஒருநாள் யோசனை கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது. வெண்கலப் பல் கிழித்து, இரண்டே நாளில் வலது கட்டைவிரல் எலுமிச்சம்பழம் போல வீங்கியது.

மருத்துவச்சி பேச்சாயியை அழைத்து வந்தார்கள். பேர்தான் பேச்சாயி, நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். புண்ணைக் கழுவிப் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

"ஆறிரும். கைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

ராஜா ஒரு நாழிகை பொறுத்தார். பிறகு கட்டைப் பிரித்து, "ஆறிவிட்டதா?" என்று பார்த்தார். சபையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து, "ஆஹா, மகாராஜாவின் புண் அல்லவா, என்ன அழகாக ஆறுகிறது!" என்றார்கள். பேச்சாயி மறுபடி கட்டினாள். ராஜா மறுபடி பிரித்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படி நடந்தது. எட்டு நாளாகியும் புண் அப்படியே இருந்தது.

இன்னும் பன்னிரண்டு நாளில் அம்பு போடும் திருவிழா. முதல் அம்பை ராஜாதான் எய்ய வேண்டும்.

"ஆறும், ஆறும் என்கிறாள். ஆறுவது என்றால் என்ன? அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்!" என்று ராஜா கத்தினார்.

பிரதானி விருத்தகிரி இதற்குத்தான் காத்திருந்தார். அவருடைய மைத்துனர் ஒரு களிம்பு வைத்தியர். அவரை அரண்மனைக்குள் கொண்டுவரப் பல வருஷமாக முயற்சி.

"இவளுக்கு அரண்மனைச் சோறு ருசித்துவிட்டது மகாராஜா. கைராசி இல்லாத கை எதற்கு? திருவிழாவுக்குள் புண் ஆறாவிட்டால் அந்தக் கையை வாங்கிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

பேச்சாயி தன் கைகளைப் பார்த்தாள். "இதுல முந்நூறு பிள்ளைங்க பொறந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அரண்மனை விகடன் தோணியப்பன் அப்போது எழுந்தான். முன்பு அவன் கழைக்கூத்தாடி. கயிற்றிலிருந்து விழுந்து கால் இரண்டாக முறிந்தபோது, தேறமாட்டான் என்று எல்லோரும் போய்விட்டார்கள். நாற்பது நாள் பக்கத்தில் இருந்து நடக்க வைத்தவள் பேச்சாயி. தினமும் காலையில் முதல் அடி வைக்கும்போது அவளை நினைத்துக்கொள்வான். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"மகாராஜா, ஆறுவதை நான் கண்ணால் காட்டுகிறேன். ஒருநாள் தவணை கொடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டு வருகிறேன்."

"காட்டாவிட்டால் இவன் கையும் போகட்டும்" என்றார் விருத்தகிரி.

"போகட்டும் பிரதானியாரே. அப்புறம் நீங்கள் பேசி முடித்ததும் கைதட்ட வேறு ஆள் பாருங்கள்."

மறுநாள் தோணியப்பன் சபைக்கு வந்தான்.

"தெருவெல்லாம் கேட்டேன் மகாராஜா. கஞ்சி ஊற்றிய தாய் பிள்ளையிடம் 'ஆறட்டும்டா' என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். கொல்லர் பழுத்த இரும்பைப் பார்த்து 'ஆறட்டும்' என்று சுத்தியலைக் கீழே போட்டார். புருஷன் கத்திக்கொண்டிருந்தான், பெண்சாதி 'கோவம் ஆறட்டும்' என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். போன மாதம் மகனைப் பறிகொடுத்த செக்காட்டி வீட்டுக்கும் போனேன். மனசு ஆற வேண்டும் என்று நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்."



"இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்றார் ராஜா.

"அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள், மகாராஜா."

ராஜாவின் இடது கை அப்போது வலது கட்டைவிரலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது.

"என்னையா சொல்கிறாய்?"

"ஐயையோ, புண்ணைச் சொல்கிறேன்! அதற்கு அடக்கம் போதாது. கட்டின்மேல் தங்கள் முத்திரையை வைத்தால், பயந்து ஒழுங்காக ஆறும்."

தன் முத்திரைக்குப் புண்ணும் பயப்படும் என்பது ராஜாவுக்குப் பிடித்திருந்தது. பேச்சாயி புதிதாகக் கட்டினாள். முடிச்சின்மேல் அரக்கை உருக்கி விட்டார்கள். ராஜா தன் மோதிரத்தை அழுத்தினார். தோணியப்பன், விரலடியில் துணி முடியும் இடத்தில் மையால் ஒரு கோடு போட்டான்.

அரை நாழிகை ஆயிற்று. ராஜாவின் இடது கை மெல்ல முடிச்சை நோக்கிப் போனது.

"மகாராஜா, போன வருஷம் முத்திரை வைத்த நெய்க்குடங்கள் காலியானபோது தாங்கள் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? முத்திரையை உடைப்பவர் யாராயிருந்தாலும் கையைத் துண்டிப்பது என்று. 'நானே ஆனாலும்!' என்றீர்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். வெட்டுக்கத்தி தயாராக இருக்கிறது."

ராஜா பல்லைக் கடித்தார். "பிரதானி! நீர் பிரியும்!"

விருத்தகிரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எனக்கு... நகம் வெட்டி நாளாகிறது மகாராஜா. தங்கள் விரலில் பட்டுவிடும். சட்டத்தை வேண்டுமானால் ரத்து செய்யலாம்."

"தாராளமாக" என்றான் தோணியப்பன். "ராஜாவின் சொல் ஒரு கட்டைவிரல் தூரம்தான் செல்லும் என்று இன்றே பறையறையச் சொல்லிவிடுகிறேன்."

ராஜா இடது கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் தோணியப்பன் ஒரு நெல்மணியோடு வந்தான்.

"இங்கே பாருங்கள் மகாராஜா. மைக்கோட்டுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு நெல் அகலம் இடைவெளி. வீக்கம் வடிய வடியக் கட்டு நழுவுகிறது. ஆறுவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டீர்கள். இதுதான் அது."

ராஜா வெகுநேரம் பார்த்தார். மறுநாள் இரண்டு நெல். அதற்கடுத்த நாள் மூன்று. சபையில் எல்லோர் மடியிலும் நெல்மணி முளைத்தது. 'ஆறிவிட்டதா?' என்று கேட்டுக்கொண்டிருந்த ராஜா, 'இன்றைக்கு எத்தனை நெல்?' என்று கேட்கத் தொடங்கினார்.

திருவிழாவுக்கு முதல்நாள். வெற்றிலைத் தட்டோடு விருத்தகிரி எழுந்தார்.

"வெளியே நெல் அளந்து என்ன பயன்? உள்ளே அழுகியிருக்கும். இரண்டு கைகளையும் இன்றே—"

"போதும் பிரதானி!" என்று ராஜா கையை உயர்த்தி வீசினார்.

கட்டு கழன்று பறந்துபோய் விருத்தகிரியின் வெற்றிலைத் தட்டில் விழுந்தது. முடிச்சு அவிழவில்லை. முத்திரையில் ஒரு கீறல் இல்லை.

ராஜா விரலைப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் மாந்தளிர் நிறத்தில் புதுத் தோல்.

"யார் பிரித்தது?" என்றார், மிகவும் மெதுவாக.

"யாரும் பிரிக்கவில்லை மகாராஜா. ஆறியது, அதனால் தானே வந்தது. பிரதானியாரே, தட்டை ஆட்டாதீர்கள்! முத்திரை உடைந்தால் போகிற கை உங்களுடையது."

விருத்தகிரி உயிருள்ள பாம்பை ஏந்தியவர் போல அசையாமல் நின்றார். ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிம்மாசனத்தை விட்டு இறங்கிப் பேச்சாயியின் முன் வந்து நின்றார்.

"அம்மா, என் கையால் கெடுத்துவிட்டு உன் கையைக் கேட்டேன். பொறுத்துக்கொள். என்ன வேண்டும், சொல்."

பேச்சாயி யோசித்தாள். "அந்தச் சிங்கத்துப் பல்ல மழுங்க ராவி விடச் சொல்லுங்க."

ராஜா மறுபடி சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்துத் தோணியப்பனுக்குப் போர்த்தினார். அவன் அதை அப்படியே பேச்சாயியிடம் நீட்டினான்.

"என் காலுக்காக, அக்கா. கொடுக்க இவ்வளவு நாளாயிருச்சு."

"இன்னும் வலிக்குதா?"

"மழை பெஞ்சா மட்டும்."

"அப்ப நீயே போர்த்திக்க" என்றாள் அவள்.

மறுநாள் ராஜா அம்பு எய்தார். எங்கே விழுந்தது என்பது எனக்கு நினைவில்லை. சிங்கத்தின் பல்லை ராவிவிட்டார்கள். கையை வெட்டும் சட்டம் அந்த மாதமே நீக்கப்பட்டது. விருத்தகிரி பிரதானியாகவே இருந்தார். மைத்துனர் பக்கத்து ஊரில் களிம்பு விற்றார். பேச்சாயி திருவிழாவுக்கு நிற்கவில்லை, ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டாள். தோணியப்பன் மழைநாளில் சால்வையைக் காலில் சுற்றிக்கொண்டு நெடுங்காலம் நடந்தான்.