வாத்தியார் இருமின பரீட்சை

"என்னைய ஒரு வார்த்த திட்டுங்க சாமி."

"உக்காருங்க சார். வெயில்ல ஏறி வந்திருக்கீங்க" ன்னாரு சாமி.

அந்த மரியாதையக் கேட்டு நாச்சிமுத்து வாத்தியார் பதறிட்டாரு.

ஏன்னு கேளுங்க. அந்தச் சின்ன மலைக் கரட்டுமேல இருக்கறவரு திட்டுச்சாமி. அவரு வாயால திட்டு வாங்கினா நெனச்ச காரியம் நடக்கும்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் நம்புது. வாத்தியார விட வயசுல சின்னவரு. சாமியாவறதுக்கு முன்னால டவுன் பஸ்ஸுல கண்டக்டரு. படிக்கட்டுல தொங்கறவனத் திட்டித் திட்டிப் பழுத்த வாயி.

வாத்தியாருக்கு முன்னால வரிசைல ரெண்டு பேரு. மொத ஆளு, வீடு கட்டற வேல பாதில நிக்குதுன்னு வந்தாரு.

"எருமக்கடா! உனக்கெல்லாம் மாடி ஒரு கேடா? எறங்குடா கீழ!"

அந்தாளு மூஞ்சியப் பாக்கோணுமே! "இனி கூரை போட்டுரலாம்" னு குதிச்சுக்கிட்டே எறங்கிப் போனாரு.

அடுத்தது ஒரு அம்மா. மகளுக்கு வரன் அமையல.

"மூதேவி! நீ மாமியாரா வர்றேன்னா எவன்டி மாப்பிள்ளையா வருவான்?"

அந்தம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு, "என்ர தங்கச்சி மகளுக்கும் சேத்து ரெண்டு வார்த்த சாமி" ன்னுச்சு.

வாத்தியாருக்கு மட்டும் சாரு. உக்காருங்க. வெயிலு.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல விசாரணைங்க சாமி. கல்வி ஆபீசர் வர்றாரு. என்ர தலைக்கு ஒண்ணும் வராமப் போகோணும். அதுக்குத்தான் வந்தேன்."

"என்ன விசாரணைங்க சார்?"

"மூணாங்கிளாஸ் பரீட்சைங்க. மாநிலம் பூரா ஒரே கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம் இருக்கும், சரியான வட்டத்தக் கருப்பாக்கோணும். எங்க பள்ளிக்கூடந்தான் எப்பவும் வட்டாரத்துல மொதல்."

"எப்பிடிங்க சார் மொதல்?"

வாத்தியார் திரும்பிப் பாத்தாரு. வரிசை காதத் தீட்டிக்கிட்டு நிக்குது.

"கேள்விய நானே சத்தமா வாசிப்பேனுங்க. வாசிச்சுட்டு இருமுவேன். ஒரு இருமல்னா மொத வட்டம். ரெண்டு இருமினா ரெண்டாவது வட்டம். பிள்ளைங்களுக்குப் பழக்கி வெச்சிருக்கேன்."

"நல்ல பழக்கந்தானுங்க சார்."

"இந்த வருசம் பரீட்சையன்னிக்குப் பாத்து எனக்கு நெசமாலுமே சளி புடிச்சிருச்சு சாமி!"

வரிசைல ஒருத்தன் களுக்குன்னான்.

நெனச்சுப் பாருங்க. "ஆறும் மூணும் எத்தன?" ங்கறாரு வாத்தியார். ஒடனே லொக்கு லொக்கு லொக்கு லொக்கு லொக்கு லொக்கு. நிறுத்த முடியல. கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. பிள்ளைங்க வெரல் விட்டு எண்ணுதுங்க. இருமல் ஏழு, எட்டுன்னு போகுது, வட்டம் நாலுதான இருக்குது? கடைசி வட்டத்தக் கருப்பாக்கிட்டு அடுத்த இருமலுக்குக் காத்துக்கிட்டிருக்குதுங்க. எல்லாக் கேள்விக்கும் கடைசி வட்டம். கிளாஸே அப்பிடி.

"வட்டாரத்துலயே கடைசி!" ன்னு பல்லக் கடிச்சாரு வாத்தியார். "ஒருத்தி மட்டும் முழு மார்க்கு. பூமிகான்னு பேரு. செங்கச் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பம். போன மாசந்தான் சேந்தா. இருமல் கணக்க அவளுக்கு யாரும் சொல்லல."

"அதனால கேள்வியப் படிச்சு எழுதிருச்சாக்கும்."

"அதானுங்க வினையே! ஆபீசர் குதிக்கறாரு." வாத்தியார் மூக்கால பேசிக் காட்டினாரு. "'மண்ணு மிதிக்கறவன் பிள்ளைக்கு எப்பிடிய்யா முழு மார்க்கு? எவன்யா விடையச் சொல்லிக் குடுத்தான்?' நாளைக்கு அவளையும் அவ அப்பனையும் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேப்பாராம். ஆளச் சொல்லலைன்னா பள்ளிக்கூடத்த விட்டே அனுப்பிருவாராம்."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"எனக்கும் அவ மேலதான் சந்தேகம்னு சொன்னேன்."

சாமி வாயத் தொறந்தாரு. வரிசையே எக்கிப் பாத்துச்சு. வந்துச்சுடா திட்டு!

"சரிங்க சார்" ன்னாரு சாமி.

வாத்தியார் துள்ளி எந்திரிச்சுட்டாரு.

"யோவ்! போறவன் வர்றவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டறே, என்னையத் திட்ட மட்டும் வாயில்லையா? பஸ்ஸுல விசில் ஊதிக்கிட்டிருந்தவனுக்கு என்னய்யா தெரியும்? மொதல் வா, மொதல் வான்னு மேல இருக்கறவன் கழுத்தப் புடிக்கறான். எட்டு வயசுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுத்த பரீட்சைங்கறான். நான் பாடம் நடத்தவா, வட்டம் போடவா? படம் வரைங்கன்னு சொன்னா பிள்ளைங்க நிலாவக் கருப்பாக்குதுங்கய்யா! தெரியுமா உனக்கு? கல்லு மேல உக்காந்துக்கிட்டு சாராம், சாரு!"

சாமி கையக் கட்டிக்கிட்டுக் கேட்டாரு. சாமியே திட்டு வாங்குதேன்னு வரிசை வாயப் பொளந்துச்சு. ஒரு கெழவர் பயத்துல சூடத்தப் பொருத்திட்டாரு.

வாத்தியாருக்கு மூச்சு வாங்குச்சு.

"அன்னிக்கு இருமறப்ப ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களாட்ட இருக்குது" ன்னாரு சாமி. "யாராவது தண்ணி கிண்ணி குடுத்தாங்களா சார்?"

"எங்க குடுத்தாங்க? எல்லாம் எண்ணிக்கிட்டுத்தான..."

வாத்தியாருக்கு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு.

"அவதான்."

"யாருங்க சார்?"

"பூமிகா. பாதிப் பரீட்சைல எந்திரிச்சுப் போயி, சத்துணவுக் கூடத்துல சுடுதண்ணி வாங்கிட்டு வந்தா. டம்ளர் சுட்டுச்சு போல. பாவாடைய மடிச்சுப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"யாரக் கேட்டுடி எந்திரிச்சேன்னு திட்டினேன்."



 வாத்தியார் செருப்ப மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு எறங்க ஆரம்பிச்சாரு.

"ஏனுங்க வாத்தியாரே!" ன்னு வரிசைல இருந்து ஒருத்தன் கத்தினான். "இத்தன தூரம் ஏறி வந்துட்டு, திட்டு வாங்காமயே போறீங்க?"

"ஆபீசர் ஊட்டுக்குத்தான் போறேன்" ன்னாரு வாத்தியார். "அங்க வாங்கிக்கறேன்."