மைனாக்கள் வரிசையில் நின்ற கடை

புது ஊரில் போய் இறங்கியதும் நம்மிடம் முதலில் சொந்தம் கொண்டாடுகிறவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்? மாமாவா? சித்தியா? இல்லவே இல்லை. கடைக்காரர்தான்!

ஏரிக்காட்டுக்கு வந்த அணில் குடும்பத்தையும் ஒரு கடைக்காரர்தான் முதலில் கூப்பிட்டார்.

ஏரிக்காடு விலங்குகளின் பட்டணம். மரத்துக்கு மரம் வீடு, பாதைக்குப் பாதை கடை. அணில் சடையனும் அவன் மனைவி செம்பாயியும் ஒரு கல்யாணத்துக்காக அங்கே வந்திருந்தார்கள். கூடவே மகள் பொடிச்சி. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பொடிச்சி வழியெல்லாம் "தண்ணி, தண்ணி" என்று சிணுங்கிக்கொண்டே வந்தது.

செம்பாயிக்குப் பயம். போன மாதம்தான் பொடிச்சி கெட்ட தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறு போய், கண் செருகி, ஒருவழியாகப் பிழைத்தது. "இன்னொரு தடவை இப்படி ஆனா புள்ள தாங்காது" என்று மரங்கொத்தி வைத்தியர் சொல்லியிருந்தார்.

"வாங்கண்ணே! வாங்க மதினி!" என்று ஒரு குரங்கு ஓடி வந்தது. "நம்ம கடைக்கு வாங்க! அத்திப்பழம் இருக்கு, பலாச்சுளை இருக்கு, ஜில்லுன்னு தண்ணி இருக்கு!"

கடை பார்க்க ஜோராக இருந்தது. தேக்கிலைக் கூரை. வாசலில் மயிலிறகுத் தோரணம். உள்ளே ஒரு பெரிய பானை, அதன் தண்ணீரில் நிறைய மல்லிகைப்பூ மிதந்தது. வாசலில் மைனாக்கள் வரிசையாக நின்று "ஆகா! ஓகோ!" என்று கத்திக்கொண்டிருந்தன.

சடையனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா செம்பாயி! கூட்டம் நிக்கிற கடைதான் நல்ல கடை. எங்க மச்சான் அப்பவே சொன்னான்."

"உங்க மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் செம்பாயி. ஆனால் கண்ணை மட்டும் மைனாக்களை விட்டு எடுக்கவில்லை.

வரிசையின் முன்னால் நின்ற மைனா ஒன்று மரத்தைச் சுற்றி வந்து மறுபடி கடைசியில் நின்றது. அடுத்ததும் அப்படியே செய்தது. ஒன்றின் அலகிலாவது பலாச்சாறு ஒட்டியிருக்க வேண்டுமே? அத்தனை அலகும் காய்ந்து கிடந்தன!

"ஏங்க, இவங்க நிக்கிறாங்களே தவிர, யாரும் சாப்பிடலையே!"

"அட, சும்மா வா! வந்த இடத்துல நொட்டைச் சொல்லு சொல்லாத."

சடையன் மடியிலிருந்த வேர்க்கடலையை எடுத்துக் கொடுத்துவிட்டான். குரங்கு ஒரு இலைத்தொன்னையில் தண்ணீர் மொண்டு நீட்டியது. பொடிச்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது.

அப்போது கடைக்குப் பின்னால் செம்பாயி ஒன்றைப் பார்த்தாள். குரங்கின் மனைவி எங்கிருந்தோ வேர்க்க விறுவிறுக்க வந்தது. கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர். பானைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் குட்டியை மடியில் போட்டு அந்தச் சிரட்டைத் தண்ணீரைப் புகட்டியது.

பொடிச்சி வாயில் வைக்கப்போன தொன்னையைச் செம்பாயி பிடுங்கினாள். பொடிச்சி வீல் என்று அலறியது.

"அண்ணே, பானை நெறயத் தண்ணி இருக்கு. உங்க வீட்டம்மா எதுக்குத் தூரத்துலேருந்து தண்ணி சுமக்கிறாங்க?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "அது... எங்க புள்ளைக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காது மதினி."

அவ்வளவுதான்! செம்பாயியின் வால் முறுக்கிய கயிறு மாதிரி நிமிர்ந்தது.

"உன் புள்ளைக்கு ஒத்துக்காதது என் புள்ளைக்கு ஒத்துக்குமோ? உன் புள்ளை வயிறு மட்டும் வயிறு, எங்க புள்ளை வயிறு என்ன குப்பைக்குழியா?"

"செம்பாயி, மெதுவா! எல்லாரும் பாக்கிறாங்க" என்று சடையன் அவள் கையைப் பிடித்தான்.

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!"

ஒரே தாவலில் அவள் பானையின் விளிம்பில் ஏறினாள். மல்லிகைப்பூவை வாலால் ஒதுக்கினாள். அடியில் என்ன தண்ணீர் என்று நினைக்கிறீர்கள்? எருமைகள் புரளுகிற குட்டைத் தண்ணீர்! பச்சை நிறம், சாணி வாடை. உள்ளே குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளிந்தன. நாற்றம் தெரியாமல் இருக்கத்தான் அத்தனை பூ!

"இந்தா, நீ ஒரு வாய் குடி!" என்று தொன்னையைக் குரங்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எனக்கு இப்போ தாகமில்ல மதினி."

"சரி, இவ்வளவு நேரமா ஆகா ஓகோன்னீங்களே, நீங்க குடிங்க!" என்று மைனாக்கள் பக்கம் திரும்பினாள்.

மைனாக்கள் விருட்டென்று பறந்தன. குண்டு மைனா ஒன்று மட்டும் பறக்கத் தாமதமாகி மாட்டிக்கொண்டது. "கோவிச்சுக்காதீங்கக்கா! எங்களுக்கு நிக்கிறதுக்கும் கத்துறதுக்கும்தான் அத்திப்பழம் கொடுக்கிறாங்க. குடிக்கிறதுக்கு இல்ல!" என்று சொல்லிவிட்டு அதுவும் பறந்தது.

சடையன் வெட்கிப்போனான். அடுத்த நொடி அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "எடுடா என் கடலையை!" என்று கத்தினான். குரங்கு கடலையைக் கீழே போட்டுவிட்டு மரத்தின் உச்சிக்கே போய்விட்டது.

பொடிச்சியோ அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா தோளில் தொங்கியது. அப்போது குரங்கின் மனைவி தயங்கித் தயங்கி வந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

"அந்த நாவல்மரத்துக்குப் பின்னால ஊத்து இருக்குக்கா. ஆமையம்மா கடை. வாங்க, காட்டுறேன்."

அந்தக் கடையில் கூரையும் இல்லை, தோரணமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆமையம்மா ஒரு பானையிலிருந்து மெள்ள மெள்ளத்தான் தண்ணீர் மொண்டது. அதன் குஞ்சுகள் அதே பானைத் தண்ணீரைக் குடித்து, விற்கிற நாவல்பழத்தையே தின்றுகொண்டிருந்தன. செம்பாயி அந்தக் குஞ்சுகளைப் பார்த்தாள். வேறெதையும் கேட்காமல் தொன்னையை வாங்கினாள்.

பொடிச்சி மடக் மடக்கென்று குடித்தது. பிறகு ஒரு ஏப்பம். "இன்னும்மா!" என்றது. செம்பாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பட்டணத்தில் சாப்பிட இடம் தேடுகிறவர்கள் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டாம். கடைக்காரர் தன் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறார் என்று பார்த்தால் போதும்.

குரங்கின் மனைவி சிரட்டையில் மறுபடி தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பியது. செம்பாயி வழியை மறித்து நின்றாள்.

"தாயி, நாளைக்கும் உங்க கடைக்கு இன்னொரு பொடிச்சி தாகத்தோட வருவா. இந்தச் சிரட்டையில அவளுக்கும் ஒரு வாய் மிச்சம் வைங்க!"