ரங்கப்பபுரம் ஆகாத ஊர்

வேலமரங்கள் நின்ற இடம், அதனால் வேலங்காடு என்றது மேலத்தெரு. முருகன் வந்து தங்கிய இடம், ஆகவே வேலன்காடு என்றது கீழத்தெரு. சண்டை மண்டை உடையும் அளவுக்குப் போனதும் ஜமீந்தார் ரங்கப்பர் ஊரைக் கூட்டினார்.

“இனி இது ரங்கப்பபுரம். பெயர்க்கல் நட்டதும் ஊருக்குக் கிணறு வெட்டித் தருவேன். மறுத்துப் பேச ஆள் உண்டா?”

துணி வெளுக்க ஆற்றுக்கு நடந்து நடந்து ஓய்ந்தவள் சுடலி. கிணறு வந்தால் முதலில் பிழைப்பவள் அவள்தான். ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“நல்ல பேரு சாமி. ஆனா நம்ம சனம் எதையும் சுருக்கித்தான் சொல்லும். சந்தைக்கு மறுநாள் ‘ரங்கப்பன் நாறுது’ம்பாங்க. காலரா வந்தா ‘ரங்கப்பன் பாதி செத்துப்போச்சு’ம்பாங்க. எங்களுக்கு மனசு தாங்குமா?”

இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. ஜமீந்தார் முகம் சிவந்து வண்டியேறினார். கிணறு வெட்ட அவர் கூட்டி வந்திருந்த ஆட்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மறுநாள் காலையிலேயே தெருச்சண்டை மறுபடி தொடங்கியது.

சித்திரை வெயிலில் ஆற்றுக்குப் போகும்போது மருமகள் கேட்டாள்: “அன்னிக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாமே, அத்தே?”

சுடலி மூட்டையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணி ஊறுன பொறவு தொறந்திருக்கணும், தாயி.”