மழைக்கு முன் கூடிய கூட்டம்

அந்தச் சத்தம் ஆட்காட்டிக் குருவிக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், அது சிறு குஞ்சாக இருந்தபோது, ஏரி நிறைந்தது. இலுப்பை மரத்தின் வேரடியிலிருந்து தவளைகள் ஓயாமல் கத்தின. தவளை நின்று கத்தும் இடம்வரை தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள்.

அதற்குப் பிறகு ஏரி நிறையவே இல்லை. நடுக்குழியில் மட்டும் கொஞ்சம் நீர் தேங்கும். கோடையில் அதுவும் வற்றிவிடும். எலிகளுக்கு இரண்டு மழைக்கு மேல் நினைவு நிற்காது. இலுப்பை மரத்துக்குக் கீழே கிடந்த பள்ளத்தை அவை ஏரி என்றே நினைக்கவில்லை.

எலிகள் ஏரிக்கரை மேட்டில் குடியிருந்தன. ஒரு வளைக்குள் நான்கு குடும்பங்கள். சென்ற முறை எலியம்மா ஈன்ற குட்டிகளில் இரண்டு, அந்த நெரிசலில் மிதிபட்டே இறந்தன. இப்போது மறுபடியும் அதற்கு வயிறு கனத்திருந்தது.

அந்த வேளை பார்த்துப் பெருச்சாளி வந்தது.

"பள்ளத்திலே நூறு வளை தோண்டித் தர்றேன்! குடும்பத்துக்கு ஒரு வளை, வளைக்கு ரெண்டு வாசல்! மேட்டை மட்டும் எனக்குக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க!"

ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் எதைத் தோண்டினாலும் எல்லோரையும் இலுப்பை மரத்தடிக்கு அழைத்து, மூன்று முறை கேட்க வேண்டும். மறுப்பு வராவிட்டால் ஓணான் தலையாட்டும். அது தலையாட்டிவிட்டால் பிறகு பேச்சில்லை.

பெருச்சாளி கூட்டத்துக்குக் குறித்த நாள், ஆடி மாதக் கடைசி. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தவளைகள் எல்லாம் மண்ணுக்கடியில் இறங்கி, முதல் மழைக்காகக் காத்து உறங்கிக்கொண்டிருந்தன.

"பள்ளத்துல குடியிருப்பு வரலாமா? மறுப்பு உண்டா?" என்று ஓணான் முதல் முறை கேட்டது.

"உண்டு!" என்று கத்தியது ஆட்காட்டி. "அங்கே தண்ணி வரும்! இந்த வேர்வரைக்கும் வரும்!"

எலிகள் சிரித்தன. "காத்து அடிச்சாலும் கத்துவே, இலை விழுந்தாலும் கத்துவே! உன்னை நம்பி யாரு உட்காருவாங்க?"

"உன் முட்டை பள்ளத்துலதானே இருக்கு?" என்றது பெருச்சாளி. "அதைச் சொல்லேன்!"

"இருக்கு. நாலு முட்டை. பத்து நாள்ல பொரிஞ்சு, குஞ்சுகள் ஓடிப் போயிடும். நான் எனக்காகப் பேசலை. தவளைகளைக் கேளுங்க. தண்ணி எதுவரை வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு மழை பொறுங்க, எழுந்து வந்து சொல்வாங்க!"

"கூட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சு," என்றது பெருச்சாளி. " வராதவங்களுக்கு மறுப்பு இல்லைன்னுதான் அர்த்தம்!"

எலியம்மா முன்னால் வந்தது. "அக்கா, உனக்கு வானமே வீடு. எனக்கு இன்னும் பதினைஞ்சு நாள்ல பிரசவம். மழை வரட்டும்னு நான் எங்கே போய்ப் பொறுக்கிறது?"



ஓணான் இரண்டாம் முறை கேட்டது. ஆட்காட்டி பள்ளத்துக்குப் பறந்தது. ஒரு வெடிப்புக்குள் அலகை விட்டுக் கொத்தியது. மண் இறுகிக் கிடந்தது. அலகில் இரத்தம் கசியும்வரை கொத்தியது. கடைசியில் ஒரு தவளையின் முதுகு தெரிந்தது.

"எழுந்திரு தம்பி! உங்க தலைக்கு மேலே வளை தோண்டப் போறாங்க! வந்து ஒரு வார்த்தை சொல்லு!"

தவளை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "மழை வந்துச்சா?"

"இன்னும் வரலை. ஆனா..."

"வந்ததும் எழுப்பு," என்று கண்ணை மூடிக்கொண்டது.

பின்னாலேயே வந்திருந்த பெருச்சாளி குதித்தது. "கேட்டீங்களா! தவளையாரையே எழுப்பிக் கேட்டாச்சு. மறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

ஓணான் மூன்றாம் முறை கேட்டது.

"மறுப்பு! மறுப்பு!" என்று ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது.

"ஒரே குரல்தான், அதுவும் வழக்கமாக் கத்துற குரல்," என்றது ஓணான். பிறகு தலையாட்டியது. எல்லாக் கூட்டங்களிலும் அது தலையாட்டியே வந்திருக்கிறது.

எட்டே நாளில் நூறு வளைகள் தயாராயின. தோண்டும்போது உறங்கிய நிலையிலேயே பல தவளைகள் வெட்டுப்பட்டன. எலிகள் குடியேறின. எலியம்மா தன் புது வளையில் காய்ந்த புல்லைப் பரப்பி ஆறு குட்டிகளை ஈன்றது. முதல் முறையாகக் காலை நீட்டிப் படுத்தது.

குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. மேற்கே வானம் கறுத்தது.

தன் குஞ்சுகள் பொரிந்து ஓடிவிட்ட பிறகும் ஆட்காட்டி பள்ளத்தின் மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. "வெளியே வாங்க! வெளியே வாங்க!"

"ஆரம்பிச்சிட்டா!" என்று வளைக்குள் எலிகள் சலித்துக்கொண்டன.

எலியம்மா மட்டும் வாசலில் தலையை நீட்டியது. மழை கொட்ட, வடக்கு வாய்க்காலிலிருந்து செந்நிற நீர் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு வந்தது. எலியம்மா வளைக்குள் பாய்ந்து ஒரு குட்டியைக் கவ்வியது. மேட்டுக்கு ஓடியது. பழைய வளையின் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது.

"பெருச்சாளியாரே! குட்டியை மட்டும் உள்ளே வெச்சுக்குங்க! மத்ததை எடுத்து வர்றேன்!"

"காலி பண்ணிட்டுப் போனவங்கதானே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவாய் இருந்த மண் அசையவில்லை.

எலியம்மா குட்டியை இலுப்பை மரப்பொந்தில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடியது. இரண்டாவதைக் கொண்டுவந்தது. மூன்றாம் முறை ஓடியபோது வாசல் எங்கே என்று தெரியவில்லை. பள்ளம் முழுவதும் ஒரே தண்ணீர். அதன்மேல் காய்ந்த புல் மிதந்தது.

பதில் தெரிந்தவர்கள் எழ முடியாத காலம் பார்த்து ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடியது.

எலியம்மா மிஞ்சிய இரண்டு குட்டிகளோடு எதிர்க்கரைக் கள்ளிப் புதருக்குக் குடிபோயிற்று.