எருமை திறந்த பக்கவாய்க்கால்

ஒரு காட்டில், மலைச்சரிவு முழுவதும் விலங்குகள் நெருக்கமாகக் குடியிருந்தன. அவற்றின் கழிவுநீர் எல்லாம் ஒரே ஓடையாகச் சேர்ந்து கீழே இறங்கும். கீழேதான் அவை தண்ணீர் குடிக்கும் குளம் இருந்தது.

குளம் கெட்டுவிடாமல் இருக்க எருமை ஒரு வழி செய்திருந்தது. ஓடைநீர் முதலில் ஒரு குழியில் தேங்கும். கசடு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர் நாணல்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து, மணலில் வடிந்து, அப்புறம்தான் குளத்தைச் சேரும்.

ஆனால் குழியில் படியும் கசடை அன்றாடம் அள்ளியாக வேண்டும். எருமை ஒன்றே அதைச் செய்துவந்தது.

"மானே, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் துணைக்கு வாயேன். முதுகு ஒடிகிறது" என்றது எருமை.

"ஐயோ அக்கா, அந்த நாற்றத்திலா? குட்டி வேறு என்னைத் தேடும்" என்று மான் துள்ளி ஓடியது.

"நாளைக்குக் கட்டாயம் வருகிறேன்" என்றது குரங்கு. அது தினமும் அப்படித்தான் சொல்லும்.

குழிக்குப் பக்கத்து வளையில் நரி இருந்தது. நாற்றம் அதற்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அக்கா இப்படிச் சாகிறாய்? மழைவெள்ளம் குழியை உடைக்காமல் இருக்கப் பக்கவாய்க்கால் வெட்டியிருக்கிறாயே! அதை அடைத்திருக்கும் கல்லைத் தள்ளிவிடு. எல்லாம் நேரே குளத்துக்குப் போய்விடும்."

"குளம் பாழாகுமே!"

"எவ்வளவு பெரிய குளம்! யாருக்குத் தெரியப் போகிறது?"

தவறு என்று எருமைக்குத் தெரிந்தது. ஆனால் இன்னும் ஒரு தடவை கசடு அள்ளவும் அதற்குத் தெம்பில்லை. கொம்பால் கல்லைத் தள்ளிவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்கிப்போனது.

சில நாட்களில் காடெங்கும் வயிற்றுப்போக்கு. குரங்குக் குட்டிகள் கிளையைப் பிடிக்க வலுவின்றித் துவண்டன. நரி வளையைவிட்டு வெளியே வரவில்லை. எருமையின் கன்று எழுந்து நிற்கவே பல நாட்களாயின. மானின் குட்டி பிழைக்கவில்லை.

எருமை பக்கவாய்க்காலைக் கல்லால் மறுபடி அடைத்துவிட்டு, கசடு அள்ளக் குழியில் இறங்கியது. விலங்குகள் சூழ்ந்துகொண்டன.

"யார் செய்தது இது?" என்று கத்தியது குரங்கு.

"நான்தான். என்னால் முடியவில்லை. திறந்துவிட்டேன்."

தினமும் 'நாளைக்கு' என்று தான் சொன்னது குரங்குக்கு நினைவு வந்தது.

மான் யாரையும் பார்க்காமல் குழிக்குள் இறங்கியது. பின்னாலேயே குரங்கும் இறங்கியது. எருமை சற்று நகர்ந்து அவற்றுக்கு இடம் விட்டது.

நீதி: எல்லோரும் சேர்க்கும் அழுக்கை ஒருவர் தலையில் மட்டும் கட்டினால், ஒருநாள் அதை எல்லோருமே குடிக்க நேரும்.